தலை சீவாத நாட்கள்: அம்மாவை இழந்த ஒரு மகளின் நிகழ்வு ஆய்வு

பேச்சுச் சிகிச்சை கொடுக்கும் என்னிடம் அவரை அழைத்து வந்தது கணவர். 27 வயதுப் பெண். கோவையில் ஒரு நூல் வியாபாரியிடம் கணக்கு வேலை, பிறந்த ஊர் திண்டுக்கல் பக்கம். 2023-இல் அம்மா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்த நேரம். இப்படி வருகிற குடும்பத்தினர் பெரும்பாலும் தூக்கம் இல்லை, ஓயாத அழுகை என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். இவர் வேறொன்றைச் சொன்னார்: "ஒரு வாரமா தலை சீவல மேடம். அப்படி இருந்தா தள்ளிப்போடாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னு அத்தை சொல்லியிருக்காங்க."

அத்தை என்று அவர் சொன்னது இறந்துபோன அதே அம்மாவைத்தான். தன் மகளுக்கு மனச்சோர்வு திரும்பினால் அது எதில் முதலில் தெரியும், தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே மருமகனிடம் சொல்லி வைத்திருக்கிறார். அவர் போன பிறகு மகளை நேரத்தில் சிகிச்சைக்குக் கொண்டுவந்தது அந்தப் பேச்சு. பதினாறு வயதில் அந்தப் பெண்ணை அம்மா எப்படி மீட்டார், அந்த அனுபவம் இப்போதைய துக்கத்தில் எங்கே உதவியது, எங்கே முடிச்சாக நின்றது என்பதை இங்கே எழுதுகிறேன். மகளின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய ஊர், வேலை விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எழுதியதைப் படித்துப் பார்த்து, "அம்மா கோவக்காரின்னும் எழுதுங்க மேடம்" என்று அவரே சேர்க்கச் சொன்னார்.

வந்தபோது இருந்த நிலை

விடியற்காலை நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடும், அப்புறம் தூக்கம் இல்லை. அம்மா போன செய்தியோடு அப்பாவின் போன் வந்தது ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். அலுவலகத்தில் ஒரே பில்லை இரண்டு முறை ஏற்றியிருக்கிறார். எட்டு வருடங்களுக்கு மேல் பொங்கிப் பழகிய சோற்றில் தண்ணீர் அளவு மறந்துபோகிறது. குளிப்பது ஒரு வேலையாகத் தெரிகிறது. இத்தனைக்கும் நடுவே அவரை அதிகம் ஆட்டிப்படைத்தது ஒரு பயம்: "மறுபடி அது வந்துடுச்சா?" அந்தக் கேள்விக்குக் கீழே இன்னொரு கேள்வி இருந்தது. போன தடவை தூக்கிவிட்டவர் இப்போது இல்லையே, இந்தத் தடவை என்ன ஆகும்?

பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகள் கொண்ட அளவீட்டில் 27-க்கு 14 வந்தது. நடுத்தர அளவிலான மனச்சோர்வு என்று கொள்ளத்தக்க எண் அது. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகவே கேட்டேன். கேட்டால் நாமே எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று குடும்பங்கள் பயப்படுகின்றன. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. "சாகணும்னு இல்ல. அம்மா இருக்கிற இடத்துக்குப் போயிட்டா தேவலைன்னு சில நேரம் தோணும்" என்றார். துக்கத்தில் இருப்பவர்கள் பலரும் சொல்வதுதான் என்றாலும், கேட்டுவிட்டு நகர்ந்துவிடக் கூடிய பதில் அல்ல அது. திட்டமோ தயாரிப்போ எதுவும் இல்லை என்று விசாரித்து உறுதி செய்துகொண்டோம். இரவில் அப்படித் தோன்றினால் யாரை எழுப்புவது என்று கணவரையும் உட்காரவைத்துப் பேசினோம். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை இருவரும் போனில் பதிந்துகொண்டார்கள். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் அந்த அரசு சேவையில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொன்னேன். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் மனச்சோர்வைப் போலவே தோற்றம் காட்டும். தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 9.8 என்று வந்தது, அதற்கு இரும்புச்சத்து மாத்திரை தொடங்கப்பட்டது.

பதினாறு வயதில்

2012-இல் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். அம்மா நகையை அடகுவைத்து, நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்தார். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பள்ளிகள் பலவற்றில் பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு முதல் நாளிலிருந்தே பிளஸ் டூ பாடத்தை நடத்துவார்கள். பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்று 2017-18-இல் தமிழக அரசு கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம். காலை ஐந்து மணிப் படிப்பு, இரவு பத்து மணித் தேர்வு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஐந்து நிமிட போன். பள்ளிதான் நோயைக் கொடுத்தது என்று நான் சொல்ல மாட்டேன், அதே விடுதியில் தாக்குப்பிடித்த பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால் தூக்கம் குறைவு, ஓயாத ஒப்பீடு, பேச ஆள் இல்லாமை மூன்றும் ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் மேல் ஒரே நேரத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம்.

அவருக்கு முதலில் வந்தது எரிச்சல். வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு சோகமாக வர வேண்டியதில்லை, எரிச்சலாகவும் சிடுசிடுப்பாகவும் வரலாம் என்று நோயறி விதிகளே சொல்கின்றன. பெற்றோரும் ஆசிரியர்களும் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்வதும் அதனால்தான். அப்புறம் தலைவலி, வயிற்றுவலி. அப்புறம் பேச்சே குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா எதைக் கேட்டாலும் "ம்".

அந்த 'ம்' மூன்று ஞாயிறு தொடர்ந்ததும் அம்மா பஸ் ஏறிவிட்டார். விடுதியில், வீட்டு ஞாபகம்தான், போகப்போகச் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா மகளைப் பார்த்தார், தலையைத் தொட்டுப் பார்த்தார், பெட்டியைக் கட்டச் சொன்னார். கட்டிய பணம் திரும்ப வரவில்லை. அதற்காக அப்பா அம்மாவோடு பல நாள் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் மாறிவிடவும் இல்லை. முதல் சில வாரங்கள் அம்மாவுக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. "உனக்கு என்னடி குறை?" என்று கத்தியிருக்கிறார். ஒருநாள் அடித்தும் இருக்கிறார். கோயிலில் மந்திரித்துத் தாயத்துக் கட்டினார். இதைப் படிக்கிற சிலருக்கு அந்தத் தாயத்து உறுத்தலாம். எனக்கு உறுத்தவில்லை. மகளுக்கு ஏதோ நடந்திருக்கிறது, இது அவள் குணம் இல்லை என்று அந்த அம்மா நம்பினார் என்பதற்கு அதுதான் முதல் அத்தாட்சி. அந்த நம்பிக்கை இருந்ததால்தான் தாயத்து பலிக்காதபோது அடுத்த வழியைத் தேடினார்.

அந்த வழி ஒரு ஜாக்கெட் துணியோடு வீடு தேடி வந்தது. அம்மா வீட்டில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். துணி கொடுக்க வந்த கிராம சுகாதார செவிலியர், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது மனசுக்கு வர்ற நோய். ஜி.ஹெச்.ல இதுக்குன்னு டாக்டர் இருக்கார். காசு கிடையாது" என்றாராம். 2015-16-இல் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனச்சோர்வு உள்ளவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்று தெரியவந்தது. தமிழ்நாடும் அந்தக் கணக்கெடுப்பில் இருந்த மாநிலம். இந்தப் பெண் அந்த 80-இல் சேராமல் போனதற்கு, ஒரு செவிலியர் தன் வேலை நேரத்துக்கு வெளியே வாயைத் திறந்ததுதான் காரணம்.

அம்மா செய்தவை

2013 ஜனவரியில் சிகிச்சை தொடங்கியது. அன்றைய ஓ.பி. சீட்டுகளை அம்மா ஒன்றுவிடாமல் எடுத்துவைத்திருந்தார், மகள் அவற்றை என்னிடம் கொண்டுவந்தார். ஃப்ளூவாக்செட்டின் 10 மில்லிகிராமில் தொடங்கி 20-க்கு உயர்த்தியிருக்கிறார்கள். வளரிளம் பருவ மனச்சோர்வுக்கு அதிகம் ஆராயப்பட்ட மருந்து அது. 2004-இல் அமெரிக்காவில் 439 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வொன்றில், மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் சேர்ந்து கிடைத்தவர்களில் 71 சதவீதம் பேர் 12 வாரத்தில் தேறினார்கள், மருந்து மட்டும் கிடைத்தவர்களில் 61 சதவீதம் பேர். இந்தப் பெண்ணுக்குப் பேச்சுச் சிகிச்சை கிடைக்க வழியில்லை. மாதம் ஒருமுறை, கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் சில நிமிடங்கள், அவ்வளவுதான். மீதியை அம்மா செய்தார். அவர் செய்ததை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டபோது, பயிற்சி பெற்ற ஒருவர் செய்திருக்கக்கூடியதற்கு மிக அருகில் அது இருந்ததைக் கண்டேன்.

மாத்திரை அட்டையை அம்மா தன்னிடமே வைத்துக்கொண்டார். இந்த மருந்துகள் தொடங்கிய முதல் சில வாரங்களில் சில பிள்ளைகளுக்குப் பதற்றமும் தற்கொலை எண்ணமும் கூடலாம் என்பதால், பக்கத்திலேயே இருக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார். சித்தப்பா வீட்டுத் தோட்டத்துக்கு வாங்கி இங்கே வைத்திருந்த பூச்சி மருந்து அன்றைக்கே வீட்டைவிட்டு வெளியேறியது. இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். கொடிய பூச்சிக்கொல்லிகளை இலங்கை 1990-களிலிருந்து படிப்படியாகத் தடை செய்தபோது, அங்கே தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. சாகத் தோன்றும் வேளையில் விஷம் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும்.

இரவில் அம்மா தன் மெஷினை மகள் படுக்கும் அறைக்கு மாற்றினார். மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும்வரை யாரோ விழித்திருக்கிறார்கள் என்று தெரியும், அதில் தூக்கம் வந்துவிடும் என்றார் மகள். தைக்க வேலை இல்லாத இரவுகளிலும் பழைய துணியைப் போட்டு அம்மா ஓட்டினாராம். இது அவருக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்திருக்கிறது.

பகலில் கொக்கி வைக்கிற வேலை. "படி", "வெளியே போ", "யார்கிட்டயாவது பேசு" என்று எதையும் சொல்லாமல், ஒரு ஜாக்கெட்டையும் ஊசி நூலையும் மடியில் போட்டு, "ரெண்டு கொக்கி வெச்சுக் குடு பாப்பா" என்பார். இரண்டு வைத்தால் போதும், மீதியை அம்மா வைத்துக்கொள்வார். அப்புறம் ஒரு ஜாக்கெட் முழுக்க, அப்புறம் எம்மிங். வேலைக்குக் காசும் உண்டு, ஜாக்கெட்டுக்கு ஐந்து ரூபாய். மனச்சோர்வில் உள்ளவர்கள் மனம் சரியானதும் வேலை செய்யலாம் என்று காத்திருப்பார்கள். சின்ன வேலையை முதலில் செய்தால் மனம் பின்னால் வரும் என்பதுதான் செயலூக்கச் சிகிச்சையின் அடிப்படை. எண்ணங்களையும் செயல்களையும் சேர்த்துத் திருத்தும் முழு அறிதிறன் சிகிச்சை பெற்றவர்களையும் இந்த ஒரு பகுதியை மட்டும் பெற்றவர்களையும் நீல் ஜேக்கப்சன் குழுவினர் 1996-இல் ஒப்பிட்டபோது, பலனில் பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்டார்கள். இந்த அம்மாவுக்கு அது ஒன்றும் தெரியாது. கை சும்மா இருந்தால் மனசு தின்னும் என்பது மட்டும் தெரியும்.

மாலையில் தலை சீவிப் பின்னிவிடுவார். அந்த நேரத்தில் எதுவும் கேட்க மாட்டார். மகள் பேசினால் கேட்டுக்கொள்வார், இல்லையென்றால் சிக்கெடுப்பதோடு சரி. ஏன் இப்படி இருக்கிறாய் என்ற கேள்வியை அவர் எப்போது கைவிட்டார் என்று மகளுக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி நின்ற பிறகுதான் தான் பேசத் தொடங்கியதாகச் சொல்கிறார். வீட்டில் நெருங்கியவர்கள் குறை சொல்லிக்கொண்டே இருந்தால் மனச்சோர்வு திரும்ப வருவது கூடுகிறது என்பதை வான், லெஃப் என்ற ஆய்வாளர்கள் 1976-இலேயே காட்டியிருக்கிறார்கள்.

தலை சீவுவதிலிருந்து அம்மா இன்னொன்றையும் கண்டுகொண்டார். "இன்னைக்கு வேணாம்" என்று மகள் தலையைக் கொடுக்க மறுத்தால், ஓரிரு நாளில் சாப்பாடும் நின்றுபோகும், படுக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டாள். அதனால் அதைக் குறித்துவைக்கத் தொடங்கினார். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரில், பால் அளவுக்குப் பக்கத்திலேயே மாத்திரை கொடுத்ததற்கு ஒரு சின்னக் கோடு, தலை சீவாத நாளுக்கு ஒரு வட்டம். வட்டம் தொடர்ந்து வந்தால் மாத முடிவுக்குக் காத்திருக்காமல் மகளை ஜி.ஹெச்.சுக்குக் கூட்டிப் போவார்.

ஊரில் கேட்டவர்களிடம், "புள்ளைக்கு மனசு சரியில்ல, வைத்தியம் பாக்குறோம்" என்றே சொன்னார். "வெளியே சொல்லாதே, நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா" என்று சொந்தக்காரர்கள் பதறினார்கள். ஜூன் மாதம் உள்ளூர்ப் பள்ளியில் மறுபடி பிளஸ் ஒன்னிலேயே சேர்த்தார், ஒரு வருடம் போனால் போகட்டும் என்று. 2021-இல் மாப்பிள்ளை வீட்டார் வந்தபோதும் பதினாறு வயதில் நடந்ததை மறைக்கவில்லை. சம்பந்தம் பேசி முடிந்ததும் மருமகனைத் தனியாக உட்காரவைத்து, எதைக் கவனிக்க வேண்டும், எது நடந்தால் பயப்பட வேண்டாம், எது நடந்தால் உடனே கிளம்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்.

இதையெல்லாம் தாயின் தியாகம் என்று எழுதிவிடலாம், நம் ஊரில் அது சுலபமாக வரும் வார்த்தை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தியாகம் என்று சொன்னால் அந்தப் பெண்மணியின் கூர்மை மறைந்துபோகிறது. அவர் கவனித்தார், குறித்தார், பலிக்காததை விட்டார், பலித்ததைத் தொடர்ந்தார், தெரிந்ததை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தார். அது திறமை. தெய்வமாகவும் அவர் இல்லை. பொறுமை தீரும் நாட்களில் கொல்லைப்புறம் போய்ப் பாத்திரத்தைப் போட்டு உடைப்பார், அப்பாவிடம் கத்துவார். அவரை உட்காரவைத்து "நீங்க எப்படி இருக்கீங்க" என்று யாரும் கேட்டதாக மகளுக்கு ஞாபகம் இல்லை. நோயாளியின் சீட்டைப் பார்க்கும்போது கூட வந்தவரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

துக்கமா, மனச்சோர்வா

இப்போதைய நிலைக்கு வருவோம். துக்கம் நோய் அல்ல. அது அலையாக வரும், நடுவில் ஓயும். அம்மா துணிக்கடையில் பேரம் பேசுவதை நடித்துக்காட்டும்போது இவர் வாய்விட்டுச் சிரித்தார், அடுத்த நிமிடம் அழுதார். அது துக்கம். ஆனால் விடியற்கால விழிப்பு, கணக்கில் கவனம் சிதறுவது, தன்னைப் பேணுவது நின்றுபோனது, எல்லாம் தன்னால்தான் என்ற எண்ணம் நாள் முழுக்க நீங்காமல் இருந்தது ஆகியவை துக்கத்தோடு நிற்பவை அல்ல. நெருங்கியவர் இறந்த முதல் இரண்டு மாதத்தில் மனச்சோர்வு என்று நோயறிதல் செய்யக்கூடாது என்று முன்பு ஒரு விதிவிலக்கு இருந்தது. 2013-இல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்க மனநல நோயறி கையேடு அதை எடுத்துவிட்டது. துக்கத்துக்கு நோய்ப் பட்டம் கட்டுகிறார்கள் என்று அப்போது பெரிய எதிர்ப்பு வந்தது. அந்தக் கவலை நியாயமானது. ஆனாலும் இவரைப் போல முன்பே மனச்சோர்வு வந்தவர்களுக்கு இழப்புக்குப் பிறகு அது திரும்பும் ஆபத்து அதிகம், "அம்மா போன துக்கம், போகப்போகச் சரியாகும்" என்று விட்டுவிடுவது அவர்களுக்குப் பாதுகாப்பு அல்ல.

நீடித்த துக்கம் என்ற தனி நோயறிதலும் இப்போது உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11 அதற்குக் குறைந்தது ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும் என்கிறது, அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் பார்க்கச் சொல்கிறது. நான்கு மாதத்தில், முதல் வருடத் திதிகூட வராத நிலையில், அந்தப் பெயருக்கு இங்கே இடமில்லை. மனநல மருத்துவர் பார்த்துவிட்டு, துக்கத்தோடு சேர்ந்து வந்த நடுத்தர மனச்சோர்வு என்று முடிவு செய்தார். மாத்திரையை இப்போதே தொடங்கலாம், அல்லது பேச்சுச் சிகிச்சையைத் தொடங்கிவிட்டுச் சில வாரம் பார்க்கலாம் என்று இரண்டு வழியையும் முன்வைத்தார். இவர் இரண்டாவதைத் தேர்ந்தார்.

அந்த 'ம்'

சிகிச்சையில் அதிக நேரம் எடுத்தது குற்றவுணர்வு. அம்மாவுக்கு 52 வயது, எட்டு வருடமாகச் சர்க்கரை நோய். இறப்பதற்கு முந்தைய வாரம் போனில், தோள்பட்டை வலிக்கிறது, அசதியாக இருக்கிறது, மெஷின் மிதித்ததில் வந்திருக்கும் என்றிருக்கிறார். தைலம் தேய்க்கச் சொல்லிவிட்டு மகள் போனை வைத்துவிட்டார். ஒரு விடியற்காலையில் மாரடைப்பு, மருத்துவமனை போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

"நான் சொன்ன ஒரு 'ம்'மை வெச்சு அவங்க கண்டுபிடிச்சாங்க மேடம். அவங்க வலிக்குதுன்னு வாயாலயே சொன்னாங்க. எனக்குத் தெரியல."

இதற்கு "உங்க மேல தப்பே இல்ல" என்று உடனே சொல்வது ஆறுதல் போலத் தெரியும், உண்மையில் அது பேச்சை மூடிவிடும். சொந்தக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள், அது இவருக்குள் இறங்கவே இல்லை. அதனால் எதிர்ப்பக்கம் போனோம். அந்தச் சாவுக்குப் பொறுப்பான எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். பெண்களுக்கு, அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, மாரடைப்பு நெஞ்சுவலியாக வராமல் அசதியாகவும் தோள்வலியாகவும் மூச்சு வாங்குவதாகவும் வரலாம். நரம்பு பாதிப்பு வலியையே மறைத்துவிடும். அம்மா கடைசி இரண்டு பரிசோதனைகளுக்குப் போகவில்லை. அப்பா கூடவே இருந்தும் கவனிக்கவில்லை. வலியை வேலை தந்த வலி என்றே எடுத்துக்கொள்ளும் பழக்கம் அம்மாவுக்கு உண்டு. கடைசியாகத் தன் பங்கு என்று ஒரு சின்ன இடத்தை விட்டார். அதை அழிக்கட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். அது இருக்கட்டும், ஆனால் முழுத்தாளும் அது இல்லை என்று தெரிந்தால் போதும் என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

அந்தப் பேச்சு செயலாகவும் மாறியது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் அப்பாவின் பெயரைச் சேர்த்தார். அவருக்கு ரத்த அழுத்தம் அதிகம் என்று அதில்தான் தெரிந்தது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறார்.

காலண்டரும் வெட்டிவைத்த துணியும்

துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார், அந்த ஊசலாட்டம்தான் தேறும் வழி என்று 1999-இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இருவர் விளக்கினார்கள். எனக்கு அது நடைமுறையில் உதவும் கருத்தாக இருந்து வருகிறது. இவர் இரண்டு பக்கமும் போகாமல் நடுவில் நின்றுபோயிருந்தார். கருமாதி முடிந்து கோவைக்குத் திரும்பியவர் அதன்பிறகு அம்மா வீட்டுக்குப் போகவே இல்லை. அங்கே, அளவு ஜாக்கெட்டோடு முடிந்துவைத்த வாடிக்கையாளர் துணிகள் அப்படியே இருந்தன. சிலர் அப்பாவிடம் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

முதலில் போனது காலண்டருக்காக. பீரோவில் இருந்த 2013-ஆம் வருடத்துக் காலண்டரை எடுத்துவந்தார், நாங்கள் இருவரும் மாதம் மாதமாகப் பார்த்தோம். அம்மா இருந்ததால் தான் சட்டென்று எழுந்துவிட்டதாக இவர் மனதில் ஒரு சித்திரம் இருந்தது. காலண்டர் வேறு சொன்னது. பிப்ரவரியில் பாதி நாட்களுக்கு வட்டம். மார்ச்சில் குறைந்தது. ஏப்ரல் நடுவில் மறுபடி ஒரு வாரம் முழுக்க வட்டம். ஜூனில் இரண்டே இரண்டு. ஆகஸ்டிலும் சில இருந்தன. "அம்மா இருந்தும் இத்தனை நாள் ஆச்சா?" என்று கேட்டார். அன்றிலிருந்துதான் "எனக்கு ஏன் இன்னும் சரியாகல" என்ற கேள்வி குறைந்தது.

சரி, அம்மா செய்ததில் எதையெல்லாம் இப்போது தானே செய்துகொள்ள முடியும் என்று பார்த்தோம். வட்டம் போடுவதைத் தன் போனில் தொடங்கினார். இரண்டு கொக்கி என்ற அளவை அலுவலகத்துக்கு எடுத்துப்போனார், காலையில் ஐந்து பில் மட்டும், அதன்பிறகு எழுந்து நடப்பது. தலை சீவுவதைத் தானே செய்ய முடியவில்லை. அந்த இடத்தை அம்மாவுக்கென்று விட்டுவிட விரும்பினார். நாத்தனார் ஒருநாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, "அண்ணி, திரும்பி உக்காருங்க" என்றபோது மறுக்கவில்லை, அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தார். அதன்பிறகு வாரத்தில் ஒருநாள் அப்படி நடக்கிறது.

துணி விஷயம் அவ்வளவு ஒழுங்காக முடியவில்லை. வெட்டாத துணிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மா வெட்டிவைத்துத் தைக்காமல் விட்ட ஜாக்கெட்டுகளைத் தானே தைத்துத் தருவதாகச் சொல்லி, சனி ஞாயிறுகளில் போய் உட்கார்ந்தார். நான்கை முடித்தார். ஒன்றில் கை ஏறவில்லை, துணிக்காரம்மா முகத்துக்கு நேரே குறை சொல்லிவிட்டார். இவர் அந்தத் துணிக்குப் பணம் கொடுத்துவிட்டு வந்தார். பட்டு ஜாக்கெட் ஒன்றை மட்டும் தொட மனம் வரவில்லை, ஊரில் வேறு தையல்காரரிடம் கொடுத்துவிட்டார். இதைத் தோல்வியாக அவர் சொல்லவில்லை. மெஷினில் உட்கார்ந்த முதல் மணி நேரம் தாங்க முடியாமல் இருந்தது, அப்புறம் கை வேலையில் இறங்கிவிட்டது என்றார்.

இப்போது

மூன்றாவது மாத முடிவில் பி.எச்.க்யூ-9 எண் 6. மாத்திரை தேவைப்படவில்லை. இதைப் படிப்பவர்கள் மாத்திரை வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது, பதினாறு வயதில் இவரைக் காத்ததில் மாத்திரைக்கும் பங்கு உண்டு, எண் குறையாமல் இருந்திருந்தால் இந்த முறையும் தொடங்கியிருப்போம். விடியற்கால விழிப்பு வாரத்தில் ஓரிரு நாள் இன்னும் உண்டு. ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டிவிட்டது. தீபாவளியும் பொங்கலும் கொண்டாடாமல் கழிந்தன. அந்த நாட்களில் வட்டங்கள் கூடின, பிறகு குறைந்தன.

முதல் வருடத் திதிக்கு முன்னும் பின்னும் ஒருமுறை வருவதாகப் பேசி வைத்திருக்கிறோம். குழந்தையைப் பற்றியும் இருவரும் யோசிக்கிறார்கள். தலைப்பிரசவத்துக்குப் போக அம்மா வீடு இல்லை என்பது அப்போது புதிதாக வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். மனச்சோர்வு வந்துபோனவர்களுக்குக் கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களிலும் அது திரும்பும் வாய்ப்பு கூடுதல் என்பதை மூவரும் உட்கார்ந்து பேசினோம். கர்ப்பம் உறுதியானதும் மகப்பேறு மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே பழைய ஓ.பி. சீட்டுகளைக் காட்டுவது, அப்போதே மனநல மருத்துவரையும் பார்த்துவிடுவது என்று முடிவாகியிருக்கிறது. அம்மா மருமகனிடம் வாய்மொழியாகச் சொன்னவற்றை ஒரு தாளில் எழுதி, நாத்தனாருக்கும் சித்திக்கும் ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்திருக்கிறார். அதில் முதல் வரி தலை சீவாததைப் பற்றியது. கடைசி வரியை அவரே சேர்த்தார்: தோள் வலி, அசதி என்று வீட்டில் யார் சொன்னாலும் அன்றைக்கே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.